மூடாத முனை

சைரன் அடிக்கவில்லை என்று குளிரறை முதலாளி போனில் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு அரிசி. அந்த அளவு இன்னும் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு நாளும் கூடிப்போகும்.

"தங்கச்சி, ரெண்டாம் ரூம் மீன் முழுக்கப் போச்சி," என்றார். "சனி பின்னேரமே குளிர் நிண்டிருக்கி. ஞாயிறு ஒருத்தரும் இல்ல. இண்டைக்குக் காலையில கதவத் திறந்தா நாத்தம். சைரன் ஒரு சத்தம் போடல்ல."

நான் களைந்த தண்ணியை ஊற்றினேன்.

"கேக்குதா?"

"ஓம்."

"அவர் செஞ்ச பெட்டி வேலை செய்யல்ல, தங்கச்சி."

"ஓம்," என்றேன் மறுபடியும். போனை வைத்துவிட்டு அரிசியை உலையில் போட்டேன்.

அவர் இறந்து அன்றைக்கு இருபத்தாறு நாள்.

அவர் என்றால் என் கணவர். கண் தெரியாதவர். சண்டைக் காலத்தில் ஷெல் துண்டு பட்டது. அதற்கு முன்பே கணினி படித்திருந்தார். கண் போனது, படித்தது போகவில்லை.

நான் திரியாயில் எட்டாம் வகுப்பு வரை போனேன். பிறகு இடம்பெயர்ந்தோம். பள்ளிக்கூடம் அதோடு சரி. ஆங்கில எழுத்து இருபத்தாறும் தெரியும். சொல் தெரியாது. பாலையூற்றில் அவருடைய அக்கா வீட்டுக்குச் சமைக்கப் போயிருந்தேன். ஒருநாள் மேசையடியில் இருந்துகொண்டு அவர் கூப்பிட்டார்.

"திரையில என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசியும்."

"எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது."

"எழுத்துத் தெரியுமோ?"

"தெரியும்."

"அது காணும்."

அது போதுமாகத்தான் இருந்தது. அடுத்த வருசம் கட்டினோம்.

கணினி தானே வாய்விட்டு வாசிக்கும் வசதி உண்டு. அவரிடமும் இருந்தது. அவருக்கு அந்தக் குரல் பிடிக்காது. "அவள் மூக்கால கதைக்கிறாள்," என்பார். "சரிக்கும் ஒரே குரல், பிழைக்கும் ஒரே குரல். நீர் எண்டால் சந்தேகம் வந்தா இழுப்பீர்."

எங்கள் வேலை இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வரியையும் அவர் இரண்டு தரம் சொல்வார். முதல் தரம் நான் கேட்பதற்கு. இரண்டாம் தரம் எழுதுவதற்கு. பென்சிலால் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் எழுதுவேன். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, கொப்பி என்றால் பயம் இல்லை. பிறகு கொப்பியைப் பார்த்துக் கணினியில் அடிப்பேன். அடித்து முடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி போடுவேன். கடைசியில் திரையைப் பார்த்து எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டுவேன். புள்ளி, அடைப்புக்குறி, ஒன்றும் விடாமல். அவர் விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டு கேட்பார். பிழை வந்தால் தட்டு நிற்கும்.

சில நேரம் எனக்குக் குழம்பும். முதல் தரம் சொன்னதையும் எழுதிவிடுவேன், இரண்டாம் தரம் சொன்னதையும் எழுதிவிடுவேன். ஒரே வரி இரண்டாகக் கிடக்கும். கணினியில் அடிக்கும்போது அதைக் கண்டால் இரண்டாவதைப் பென்சிலால் வெட்டிவிடுவேன். அவரிடம் சொல்வதில்லை. சொன்னால் அவர் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அறுந்துபோகும். வாசித்துக் காட்டும்போது எப்படியும் சரி வரும். அதனால் அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை.

முதலாளி மூதூர்க்காரர். முஸ்லிம் ஆள். மீன்பிடி இறங்குதுறைக்குக் கிட்ட அவருக்குக் குளிரறை இருக்கிறது. இரண்டு அறை. வள்ளம் வந்து இறக்கும் சூரை மீனும் அறக்குளா மீனும் லொறி வரும்வரை அதற்குள் கிடக்கும். குளிர் நின்றுவிட்டால் வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. கதவு அவ்வளவு தடிப்பு. குளிர் குறைந்தால் கத்துகிற ஒன்று வேண்டும் என்று எங்கள் வீடு தேடி வந்தார்.

"கண் தெரியாத ஆள்ட குடுக்கப் போறியா எண்டு எங்கட ஊர்ல கேக்கிறாங்க," என்றார் முதலாளி. "நான் செல்லிட்டன், குளிரப் பாக்கிறதுக்குக் கண் என்னத்துக்கு எண்டு."

அவர் சிரித்தார். அப்படிச் சிரித்தால் வேலையை எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்த வேலையை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன்.

சைரனோடு பூட்டுகிற கணினிப் பெட்டிக்குள் இரண்டு பேர் ஓடவேண்டும். பேர் என்றால் ஆள் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் வேலை. ஒன்று அறைக்குள் இருக்கும் சென்சரிடம் எவ்வளவு குளிர் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மற்றது சைரனைப் பிடித்துக்கொண்டு இருக்கும். ஏன் இரண்டு, ஒன்று காணாதா என்று கேட்டேன்.

"வயரைப் பாக்கிறவன் ஒருநாள் சாவான்," என்றார். "ஈரம் இருக்கு, எலி இருக்கு, மின்னல் இருக்கு. அவன் சாகேக்க சைரன்காரனும் சேர்ந்து செத்தால் ஆர் சத்தம் போடுறது?"

முதலில் ஓடத் தொடங்குவது தாய். தாய் ஒரு கட்டளையில் பிள்ளை பெறும். பிள்ளை வயரைப் பார்க்கும். தாய் பிள்ளை சொல்வதைக் கேட்டுக்கொண்டு சைரனோடு இருக்கும். இரண்டும் தனித்தனி. ஒன்றின் மனதில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. கதைக்க ஒரு வழி வேண்டும்.

அந்த வழிக்குப் பெயர் சொக்கெட் சோடி. பிள்ளை பெறுவதற்கு முன்பே தாய் அதைக் கேட்டு வாங்கும். இரண்டு முனை வரும். வரும்போதே ஒன்றோடு ஒன்று கொழுவித்தான் வரும். இதில் சொன்னால் அதில் கேட்கும், அதில் சொன்னால் இதில் கேட்கும்.

"போன் மாதிரியோ?" என்று கேட்டேன்.

"போனுக்கு நம்பர் வேணும். நம்பர் தெரிஞ்ச ஆரும் எடுப்பினம். இதுக்கு நம்பர் இல்லை, விலாசம் இல்லை. பிறக்கேக்கையே சோடி. வேற ஒருத்தரும் நடுவில வரேலாது. கலியாணம் மாதிரி."

"கலியாணத்துக்கு நடுவில உங்கட அக்கா வாறாவே."

அவர் கனநேரம் சிரித்தார். அக்கா குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

சோடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளை பிறக்கும்போது தாயிடம் இருப்பதெல்லாம் அதன் கையிலும் வந்துவிடும். தாயிடமும் இரண்டு முனை, பிள்ளையிடமும் இரண்டு முனை. ஆளுக்கு ஒன்றுதான் வேண்டும். பூச்சியம் என்ற முனை தாய்க்கு. ஒன்று என்ற முனை பிள்ளைக்கு. அதனால் பிள்ளை பூச்சியத்தை மூடவேண்டும். தாய் ஒன்றை மூடவேண்டும்.

"மூடாட்டி?" என்றேன். நான் அப்போது மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மூடாட்டிலும் கதை நடக்கும். ஒரு குறையும் தெரியாது. பிள்ளை சாகிற அண்டைக்குத்தான் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அதுதான் பிழை." அவர் தன் கையைக் காதில் வைத்துக் காட்டினார். "பிள்ளை செத்தால் பிள்ளையின்ர முனை மூடும். மூடினால் தாய்க்கு, முடிஞ்சுது எண்டு ஒரு சேதி வரும். ஆனா அதே முனை தாயின்ர கையிலயும் திறந்து கிடந்தால் அந்தச் சேதி வராது. அங்கால ஆரோ இன்னும் இருக்கினம் எண்டுதான் கணக்கு. தாய் காது குடுத்துக்கொண்டு இருப்பாள். எவ்வளவு காலம் எண்டாலும் இருப்பாள்."

"ம்," என்றேன். செதில் கையில் ஒட்டியிருந்தது.

வீட்டில் வைத்து அதைச் சோதித்தோம். சைரனுக்குப் பதிலாக ஒரு சின்ன மணி.

"பிள்ளை பெத்தாச்சோ?" என்று மேசையடியிலிருந்து சத்தமாகக் கேட்டார்.

"ஓம்."

"நம்பர் என்ன?"

"ரெண்டாயிரத்து நூற்றிப் பதினாலு."

"அப்ப கொல்லும்."

"கொண்டிட்டன்."

மணி அடித்தது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவின் தலை வந்தது.

"என்ன பிள்ளை? ஆற்ற பிள்ளை?"

"எங்கட பிள்ளைதான் அக்கா," என்றார் அவர். "இண்டைக்கு இது மூண்டாவது."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது ஊருக்கெல்லாம் தெரியும். அந்த அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போனா. ஞாயிறு பூசை முடிந்த கையோடு பங்குச் சுவாமியிடம் சொல்லியிருக்கிறா. சுவாமி வந்தார். பெட்டியைப் பார்த்தார். தேத்தண்ணி குடித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியை ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

அந்த மாரியில் மின்னல் அடித்து வீட்டுக் கணினி எரிந்தது. உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. கொப்பி இருந்தது. குளிரறையை ஒட்டிய கந்தோர் அறையில் முதலாளி வாங்கி வைத்திருந்த பெட்டியில் நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்கவேண்டி வந்தது.

அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். வரவேண்டாம் என்றேன். கேட்கவில்லை. துவாயைப் போர்த்துக்கொண்டு வெறும் மீன் பெட்டி ஒன்றில் இருந்தார். நான் கொப்பியை விரித்து வைத்து அடித்தேன், பழைய சரிக்குப் பக்கத்தில் இன்னொரு சரி போட்டேன், அடித்தேன். பின்னேரமாகிவிட்டது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "முடிஞ்சா? லொறி வந்து நிக்கிது."

"வாசிக்கட்டோ?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் தலையைச் சுவரில் சாய்த்திருந்தார். "வேண்டாம். நீர் எழுதினாச் சரிதான்."

அதுவரை அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார்.

சென்சரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்கள். காய்ச்சல் கைக்குள் அது உடனே சூடாகியது. சைரன் கத்தியது. நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லோருக்கும் பிளேன்டீ வந்தது. பிள்ளையைக் கொன்று பார்க்கவில்லை. அவருக்கு முடியவில்லை. எனக்கு அவரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் நினைப்பு.

அதன் பிறகு பெட்டி ஒழுங்காக ஓடியது. குளிர் குறைந்தபோதெல்லாம் கத்தியது. கத்தின ஒவ்வொரு தரமும் எங்கள் வீட்டுக்கு ஒரு துண்டு அறக்குளா வரும்.

பிறகு ஒரு காலை, வைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது. அவர் கதிரையில் இருந்தபடி இருந்தார். தொட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான்.

சவக்காலையில் அடக்கம் செய்தோம். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நான் அழவில்லை. "இவளுக்குக் கல்லு நெஞ்சு," என்று அவருடைய அக்கா யாருக்கோ சொன்னா. இருக்கலாம். அவருடைய வெள்ளைத் தடி கதவடியில் சாத்தியபடி நின்றது. அதை நான் எடுக்கவில்லை. கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டினேன்.

முதலாளி போன் பண்ணிய அன்றைக்குச் சோறு வடித்து மூடி வைத்துவிட்டு, அலுமாரியில் இருந்த கொப்பி மூன்றையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

குளிரறை வாசலில் மீனை உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புதைக்கக் கொண்டுபோக. காகம் இருந்தது. வாசலில், டவுனுக்குள் திரிகிற மான் இரண்டு நின்று மட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தன. வேலையாள் இரண்டு பேர் மூக்கில் துணி கட்டியிருந்தார்கள். நெட்டையாக இருந்தவன் என்னைக் கண்டும் காணாத மாதிரிச் சொன்னான்.

"குருடன் பாத்த காவல். இப்பிடித்தான் இரிக்கும்."

"டேய், அவ நிக்கிறாடா," என்றான் மற்றவன்.

"நிக்கட்டும். அவவா வந்து இதக் கழுவப்போறா?"

நான் உள்ளே போனேன்.

முதலாளி கந்தோரில் இருந்தார். எழும்பி எனக்கு ஒரு கதிரையை இழுத்து வைத்தார்.

"வியாழன் கொழும்பிலேர்ந்து ஆக்கள் வாறாங்க," என்றார். "புது மெசின் பூட்ட. அதுவரைக்கும் பழசத் திருத்தி ஓட விட்டிரிக்கி. இந்தப் பெட்டியக் கழட்டச் செல்லிட்டன். நீ கோவிக்காத."

"கோவம் இல்லை. புதன் வரைக்கும் பெட்டியை விடுங்கோ."

"என்னத்துக்கு?"

"பிழை ஆரில எண்டு பாக்க."

"கண்டு என்ன செய்யப்போற? மௌத்தாப் போனவர நான் குத்தம் செல்லல்லயே, தங்கச்சி."

"வெளியில சொல்லுகினம்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

"சரி," என்றார். "புதன் வரைக்கும்."

எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அவருடைய பிழை என்றால் அவருடைய பிழை. சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தெரியாமல் ஒரு சொல்லை அவர் மேல் விட்டுவிட்டுப் போக என்னால் ஏலாது. அவர் ஆயுளில் செய்த வேலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

திரையைப் போட்டேன். ஓடுகிறவற்றின் பட்டியலைக் கேட்டேன். தாய் இருந்தது. பிள்ளையின் பெயரும் இருந்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் செத்தது என்ற அடையாளம். அந்த அடையாளம் எனக்குத் தெரியும். பிள்ளை செத்தாலும், தாய் அதைக் கேட்டு அறியும்வரை பெயர் பட்டியலை விட்டுப் போகாது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

ஆக, பிள்ளை செத்திருக்கிறது. தாய்க்குத் தெரியவில்லை.

சென்சர் வயரை இழுத்துப் பார்த்தேன். எலி கடித்து இரண்டு கம்பியும் ஒட்டியிருந்தன. பிள்ளை செத்தது அதால். குளிர் நின்றது குளிர் மெசின் பழுதாகி. அந்த நேரம் பிள்ளை இருந்திருந்தால் சொல்லியிருக்கும். பிள்ளை அதற்கு முன்பே போய்விட்டது. பிள்ளை போனதையாவது தாய் கேட்டுக் கத்தியிருக்கவேண்டும். அதற்காகத்தானே இரண்டாகச் செய்தது.

கொப்பியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு விரல் கொப்பியில், ஒரு விரல் திரையில். வரி வரியாக இறங்கினேன். முதல் கொப்பி சரியாக இருந்தது. இருட்டுவதற்கு முன் பஸ் ஏறவேண்டும், விட்டுவிட்டு வந்தேன்.

செவ்வாய் காலையில் இரண்டாம் கொப்பியை எடுத்தேன். முதலாளி தேத்தண்ணி அனுப்பினார். பாதிக் கொப்பி தாண்டியிருப்பேன். ஒரு பக்கத்தில் ஒரு வரி வெட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சரிதான். அதற்கு நாலு வரி மேலே அதே வரி இருந்தது. மேலே இருந்ததற்கு இரண்டு சரி.

இரண்டு தரம் எழுதின வரி என்று தாண்டிப் போனேன். விரல் மூன்று வரி கீழே போனது. பிறகு திரும்பி வந்தது.

எழுத்து எழுத்தாக வாசித்தேன். மேலே: சீ, எல், ஓ, எஸ், ஈ, பிறகு சோடியின் பெயர், பிறகு பூச்சியம். வெட்டியதில்: சீ, எல், ஓ, எஸ், ஈ, சோடியின் பெயர். பிறகு ஒன்று.

மேலே இருந்தது பிள்ளை மூடவேண்டியது. வெட்டியிருந்தது தாய் மூடவேண்டியது.

கோடு நேராக இருந்தது. எனக்குக் கோடு எப்போதும் நேராகத்தான் வரும்.

அவர் சொல்லியிருக்கிறார். நான் எழுதியும் இருக்கிறேன். வீட்டுக் கணினியில் அடித்தும் இருக்கிறேன், அங்கே மணி அடித்ததே. இங்கே அடிக்கும்போது அந்த வரியைக் கண்டு, ஒரே வரி இரண்டு என்று நினைத்து வெட்டியிருக்கிறேன். வாசித்திருந்தால் அவருடைய விரல் நின்றிருக்கும்.

தாயின் கையில் பிள்ளையின் முனை திறந்தபடியே கிடந்திருக்கிறது. சனிக்கிழமையிலிருந்து அது காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

தேத்தண்ணி ஆறியிருந்தது. குடித்தேன். கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தேன். திரும்பி வந்து இருந்தேன்.

அந்த ஒரு வரியை அடித்தேன். கொப்பியில் அதற்குப் பக்கத்தில் இரண்டாவது சரியையும் போட்டேன். வெட்டின கோட்டை அழிக்கவில்லை.

பிறகு திரையின் மேலே போய் முதல் எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். சத்தமாக. எழுத்து, புள்ளி, அடைப்பு. பக்கத்தில் வெறும் மீன் பெட்டி ஒன்று கிடந்தது. இது அதே பெட்டியோ தெரியாது. எல்லாம் ஒரே மாதிரித்தான்.

நெட்டையன் வாளியோடு வாசலில் வந்து நின்றான்.

"என்னக்கா, ஓதுறீங்களா?"

"ஓம்."

அவன் போகவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டான். கனநேரம் எடுத்தது. நடுவில் ஒருதரம், "இங்கிலீசிலயா ஓதுறீங்க?" என்றான். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் எந்த இடம் என்று தெரியாமல் போய்விடும்.

வாசித்து முடித்து, வயரை வெட்டிப் புதிதாக முறுக்கி ஒட்டி, ஓட விட்டேன். பிள்ளை பிறந்தது. அறைக் குளிரைச் சொல்லத் தொடங்கியது. அதன் நம்பரைப் பார்த்தேன்.

"காதப் பொத்தும்," என்றேன் நெட்டையனிடம்.

"ஏன்?"

கொன்றேன்.

சைரன் கத்தியது. அவன் வாளியில் தடக்கித் தண்ணியெல்லாம் ஊற்றுப்பட்டது. வெளியில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். வாசலில் நின்ற மான் பாய்ந்து ஓடினது. முதலாளி தொழுகைக்குக் கால் கழுவினவர், ஈரக் காலோடு வந்தார்.

"என்ன? திரும்பவும் குளிர் நிண்டிட்டா?"

"இல்லை. குளிர் இருக்கு. பிள்ளையைக் கொண்டனான்."

சைரனை நிறுத்தினேன். எல்லோரும் கந்தோருக்குள் நின்றார்கள். நெட்டையனும் நின்றான். சொல்வதென்றால் இப்போதுதான்.

"பிழை அவரில இல்லை," என்றேன். "அவர் சரியாச் சொன்னவர். கொப்பியில இருக்கு. நான்தான் ஒரு வரியை வெட்டினனான். இதால போன மீன் முழுக்க என்னாலதான்."

கொப்பியை விரித்து முதலாளியிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் வெட்டின கோடு யாருக்கும் விளங்கும்.

"இந்தக் கோடு உன்ட கையா?"

"ஓம்."

"ஏன் புள்ள இதச் செல்ற? செல்லாட்டி ஆருக்குத் தெரியும்?"

"அவரைச் சொன்னவை. அது பிழை."

நெட்டையன் குனிந்து வாளியை எடுத்தான். தண்ணி முழுக்கப் போன வாளி. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "கழுவுறதுக்கு அவவா வரப்போறா எண்டு நான் ஒரு கதைக்குச் சொன்னன்," என்றான் மற்றவனிடம். என்னிடம் இல்லை.

"கழுவுறன்," என்றேன். "எங்க தும்புத்தடி?"

"அல்லாவே, வேணாம் அக்கா," என்று வாளியை முதுகுக்குப் பின்னால் பிடித்தான்.

முதலாளி கொப்பியை மேசையில் வைத்தார். கதிரையில் இருந்தார். கனநேரம் மேசையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

"கொழும்பு ஆக்கள் வரட்டும்," என்றார் கடைசியில். "குளிர் மெசினப் பூட்டிட்டுப் போகட்டும். சைரன் இந்தப் பெட்டியோட இரிக்கட்டும். ஆனா ஒண்டு. ஒவ்வொரு வெள்ளியும் நீ வரணும். நாங்க ஜும்மாக்குப் போனாப் பிறகு, இடம் அமைதியா இரிக்கும். வந்து அந்தப் புள்ளயக் கொண்டு பாக்கணும். கத்துதா எண்டு."

"ஓம்."

"வாசிச்சும் பாரு. அவருக்கு வாசிக்கிறது எண்டு செல்லுவியே, அப்பிடி."

"ஓம்," என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது திங்கட்கிழமைச் சோறு சட்டியில் புளித்துக் கிடந்தது. கொட்டினேன். அந்தச் சனி முப்பத்தோராம் நாள் பூசை நடந்தது. அவருடைய அக்கா அழுதா. நான் வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறினேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். பதினொன்றரை பஸ். போகும்போது கொப்பியும் கொண்டுபோவேன். ஆட்கள் பள்ளிக்குப் போன பிறகு திரையைப் போட்டு வாசிப்பேன். முடிய, பிள்ளையின் நம்பரைப் பார்த்துக் கொல்லுவேன். தாய் உடனே கத்தும். பட்டியலில் பிள்ளையின் பெயர் இல்லாமல் போகும். நிறுத்தி, மறுபடி ஓட விட்டு, புதுப் பிள்ளை குளிரைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். நெட்டையன் சில வெள்ளியில் ஒரு துண்டு அறக்குளாவைக் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பான்.

ஒரு ஆளுக்கு அது கூட. பாதியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுப்பேன். வேலிக்கு மேலால் வாங்கிக்கொண்டு அவ ஒவ்வொரு முறையும் கேட்பா.

"பிள்ளை செத்ததோ?"

"செத்தது," என்பேன்.

"கத்தினதோ?"

"கத்தினது."